இடிபாடுகளினூடே ஒரு குரல்

1940 செப்டம்பர் 7ஆம் நாள் தொடங்கி, 57 இரவுகள் இடைவிடாது ஜெர்மானிய விமானங்கள் இலண்டன் மாநகர்மீது குண்டு பொழிந்தன. இடிந்த வீடுகளுள் சிக்கியோரை மீட்கச் சென்றவர் யாவர்? பெரும்பாலும் கொத்தரும் தச்சரும் கட்டடக் கூலியாட்களுமே. வீடு கட்டத் தெரிந்தவனுக்கே அது விழும் விதமும் விளங்கும் அன்றோ!

சரிந்த தளம் சுவரில் சாய்ந்து நின்றால் அதனடியில் வெற்றிடம் இருக்கும். மாடிப்படியின் கீழும் அவ்வாறே. அங்கே உயிர் தங்கியிருக்கலாம் எனப் பயிற்சியில் கற்றனர். உத்திரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கற்களைக் கையாலேயே அகற்றிக் கூடை கூடையாகக் கடத்தினர். அவசரத்தில் ஓங்கும் கடப்பாரை, உள்ளிருப்பவர்மீதே சுவரைச் சரித்துவிடும்.

இவற்றினும் அரியது மௌனம். தலைவர் சைகை காட்டியதும் வேலை யாவும் நிற்கும். உறவினர் பதறி நிற்கையில் கைகட்டிச் செவிசாய்த்திருப்பது எளிதன்று. முனகலோ, குழாயைத் தட்டும் ஓசையோ எழுந்தால், அத்திசை நோக்கித் தோண்டத் தொடங்குவர்.