நீல நிறமும் உயிரணு ஆற்றலும்: விதைநெல் முளைப்பை முன்வைத்து ஏ.டி.பி. கண்டறிதலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

உண்ட உணவை உயிரணு எவ்வாறு பயன்படும் ஆற்றலாக மாற்றுகிறது என்னும் வினாவுக்கு விடைகாண உதவிய அடிப்படைப் பொருள் அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி. 1929இல் அது கண்டறியப்பட்டதில் சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாபிரகட சுப்பாராவின் பங்கை இக்கட்டுரை ஆராய்கிறது. அக்கண்டுபிடிப்புக்கு வழிவகுத்தது ஓர் அளவீட்டு முறையே என்பதும், முந்துரிமையைக் காட்டிலும் அம்முறையைக் கொண்டே அவர் பங்கை மதிப்பிட வேண்டும் என்பதும் இதன் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: உயிரணுச் சுவாசம், ஏ.டி.பி., பாஸ்பரஸ், சுப்பாராவ், அம்பாசமுத்திரம், விதைநெல்.

முன்னுரை

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என இரு நெற்பருவங்கள் உண்டு. அம்பாசமுத்திரம் வட்டார உழவர் விதைநெல்லை நீரில் ஊறவைத்து, வடித்து, சாக்கில் கட்டி மூடி முளைகட்ட விடுவர். மறுநாள் மூட்டைக்குள் கைவிட்டால் சூடு தெரியும். அச்சூடு மிகுந்தால் முளை கெடும் என்பதால் மூட்டையைப் புரட்டி நீர் தெளிப்பதும் வழக்கம். நெல்லின் மாவுப்பொருள் சிதைந்து ஆற்றல் வெளிப்படுகிறது என்பதற்கு அச்சூடே சான்று. ஆயினும் முளையை வளர்ப்பது அச்சூடன்று. அது செலவாகாமல் வெளியேறிய பகுதி. முளையை வளர்த்த எஞ்சிய பகுதி எவ்வடிவில் இருந்தது என்பதே உயிர்வேதியியலின் நெடுநாள் வினாவாக இருந்தது.

லாக்டிக் அமிலக் கொள்கை

சுவாசம் என்பது மெதுவாக நிகழும் எரிதல் என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லவோசியே நிறுவினார். ஆனால் நீராவி எந்திரம் போல உயிரணு வெப்பத்தால் இயங்க இயலாது. அதற்கு வேண்டிய வெப்பநிலை வேறுபாடு உயிரணுவுக்குள் இல்லை. ஆகவே ஆற்றலை ஏந்திச் செல்லும் வேதிப்பொருள் ஒன்று தேவைப்பட்டது. தசைச் சுருக்கத்தில் அப்பங்கு லாக்டிக் அமிலம் உருவாவதைச் சார்ந்தது என்று 1920களில் பரவலாகக் கருதப்பட்டது. தசை ஆய்வுக்காக ஏ. வி. ஹில், ஓட்டோ மேயர்ஹோஃப் ஆகியோர் 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றிருந்தமையால் அக்கருத்துக்கு வலிமை மிகுந்திருந்தது.

சுப்பாராவும் அளவீட்டு முறையும்

1895இல் பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ், சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். கதர் அறுவை அங்கி அணிந்து ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானதால் முழுப் பட்டத்துக்கு மாறாக எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார் என அவர்தம் வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுகின்றன. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தபின் பாஸ்டன் சென்று, ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் பணிபுரிந்தார்.

இருவரும் 1925இல் வெளியிட்ட முறை எளிமையானது. கரைசலில் உள்ள பாஸ்பேட், மாலிப்டேட்டுடன் சேர்ந்து ஒரு கூட்டுப்பொருளாகிறது. அதனை ஒடுக்கினால் நீல நிறம் தோன்றுகிறது. நிறத்தின் அடர்த்தி பாஸ்பரஸின் அளவைக் காட்டும். இம்முறையைத் தசைச்சாற்றில் பயன்படுத்தியபோது நீலம் உடனே முழுமை பெறாமல் மெல்ல மெல்ல ஏறியது. அதனைப் பிழையென ஒதுக்காமல், நிலையற்ற சேர்மம் ஒன்று அமிலத்தில் சிதைந்து பாஸ்பேட்டை விடுவிக்கிறது என அவர்கள் உணர்ந்தனர். இவ்வாறு 1927இல் பாஸ்போகிரியாட்டின் அடையாளம் காணப்பட்டது.

1929: முந்துரிமை வினா

1929இல் தசைச்சாற்றிலிருந்து ஏ.டி.பி. பிரித்தெடுக்கப்பட்டது. மேயர்ஹோஃபின் ஆய்வகத்தைச் சேர்ந்த கார்ல் லோமான் ஆகஸ்டிலும், ஃபிஸ்கே, சுப்பாராவ் இருவரும் அக்டோபரிலும் தத்தம் முடிவுகளை வெளியிட்டனர். அச்சேறிய நாளால் லோமான் முந்துகிறார். ஆயினும் இரு குழுக்களும் தனித்தனியே இம்முடிவை எட்டின. ‘யார் முதல்வர்’ என்ற வினாவால் இவ்வரலாற்றின் பொருள் முழுமையாக விளங்காது.

1930இல் ஐனார் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலம் உருவாகாதவாறு நஞ்சூட்டப்பட்ட தசையும் சுருங்குவதைக் காட்டினார். பழைய கொள்கை சரிந்தது. ஆற்றல் பரிமாற்றத்தில் பாஸ்பேட் பிணைப்பின் பொதுப்பங்கை 1941இல் ஃபிரிட்ஸ் லிப்மன் விளக்கினார். மைட்டோகாண்டிரியாவின் படலத்துக்கு இருபுறமும் அமையும் ஹைட்ரஜன் அயனி வேறுபாடே ஏ.டி.பி. உருவாக்கத்தை இயக்குகிறது என்று 1961இல் பீட்டர் மிட்செல் முன்மொழிந்தார்.

விதைநெல்லுக்கு மீளல்

சிட்ரிக் அமிலச் சுழற்சியை ஹான்ஸ் கிரெப்ஸ் வெளியிட்ட 1937ஆம் ஆண்டிலேயே அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. ஏ.எஸ்.டி. 16 முதலிய இரகங்களின் பெயரில் இவ்வூரின் பெயரெழுத்துகள் உள்ளன. ஊறிய நெல்லில் மாவுப்பொருள் குளுக்கோஸாகிறது. ஆக்சிஜன் கிடைத்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 ஏ.டி.பி. உருவாகும், கிடைக்காதபோது நொதித்தல் வழியே இரண்டே உருவாகும். மூட்டையைப் புரட்டுவது சூட்டைத் தணிப்பதோடு, காற்றையும் உட்புகுத்துகிறது. ஏ.டி.பி.க்கு வேண்டிய பாஸ்பேட்டின் பெரும்பகுதி நெல்மணியில் பைட்டிக் அமிலமாகச் சேமிக்கப்பட்டுள்ளது. முளைக்கும்போது பைட்டேஸ் நொதி அதனை விடுவிக்கிறது. அவ்வாறு விடுபடும் பாஸ்பேட்டை அளக்கவும் 1925ஆம் ஆண்டு முறை பயன்படக்கூடியதே.

முடிவுரை

உயிரணு ஆற்றலின் ஒரு பகுதியை உழவரின் கை சூடாக உணர்ந்தது. மறு பகுதியை அறிய நீல நிறம் வேண்டியிருந்தது. ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிட்டாத சுப்பாராவ் 1940இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்து, 1948இல் மறைந்தார். லோமானின் முந்துரிமையை மறுக்காமலேயே அவருக்குரிய இடத்தை வரையறுக்கலாம். ஏ.டி.பி.யைக் கண்டவர்களுள் ஒருவர் என்பதோடு, பாஸ்பேட்டை அளக்கும் வழியையும் தந்தவர் அவர். கண்டறிந்தவற்றின் பட்டியலாக மட்டும் எழுதப்படும் அறிவியல் வரலாறு, அளக்கக் கற்றுத்தந்தவர்களை விட்டுவிடுகிறது என்பதே இவ்வாய்வின் முடிவாகும்.