தோலும் பெயரும்

திருத்தூதர் பணிகள் நூலிலே, பேதுரு யோப்பா நகரில் பல நாள் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளரைப் பற்றி நமக்குக் கூறப்படுவன மூன்றே செய்திகள். அவர் பெயர் சீமோன். தொழில் தோல் பதனிடுதல். வீடு கடலோரத்தில் இருந்தது. விருந்தினருக்கும் சீமோன் என்பதே இயற்பெயராதலால், ஒருவரிலிருந்து மற்றவரைப் பிரித்துக் காட்டத் தொழிற்பெயர் தேவைப்பட்டது போலும். தோல் பதனிடும் இடம் ஊருக்குப் புறத்தே இருத்தல் வேண்டும் என்பது யூதரின் பழைய விதி. ஊர் தன் கால்களுக்குச் செருப்பை வேண்டியது. அதைத் தந்தவரின் அண்மையை வேண்டவில்லை.

கடலோரத்தை விடுத்துப் பாலாற்றோரத்திற்கு வருவோம். இராணிப்பேட்டை, வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் தொழில் மண்டலம் ஒரு காலத்தில் வட ஆர்க்காடு என்ற ஒரே மாவட்டத்துள் அடங்கியிருந்தது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் மூன்று மாவட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. ஒரு மனிதன் யார் என்பதை அவன் அன்றாடம் செய்யும் வேலை தீர்மானிக்கிறதா, அந்த வேலையை யாரோடு, யாருக்காகச் செய்கிறான் என்பது தீர்மானிக்கிறதா என்ற வினாவுக்கு இம்மண்டலத்தின் வரலாறு விடை தேட உதவும் எனக் கருதுகிறோம்.

பழைய முறையில் தோல் மெல்லவே பதமாயிற்று. உப்பிட்டு வந்த தோலை நீரில் ஊறவைப்பர். சுண்ணாம்புக் குழியில் கிடத்தி மயிர் களைவர். வளைந்த மரத்தின்மேல் விரித்து, இரு முனையிலும் பிடியுள்ள கத்தியால் சவ்வை வழித்தெடுப்பர். பின்னர் ஆவாரம் பட்டைச் சாற்றில் வாரக்கணக்காக ஊறும். கடுக்காய் நீரும் எண்ணெயும் அதன்பின். சுண்ணாம்பு விரல் நுனிகளை அரித்தது. நாற்றமோ குளித்தாலும் போகாது. வேலை முடிந்து வீடு திரும்பும்போதும் உடன் வந்தது. அதைக் கொண்டே மற்றவர் அவரை இன்னாரென அறிந்தனர். இத்தொழிலாளருள் பெரும்பாலோர் சேரிகளிலிருந்து வந்தவர்கள் என்பதையும், சாதி ஏற்கெனவே அவர்கள்மீது ஒட்டியிருந்த பெயரை இந்த நாற்றம் உறுதி செய்ததாக ஊர் எண்ணிக்கொண்டது என்பதையும் மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

பெயரை மாற்றும் முயற்சிகள் அக்காலத்திலேயே தொடங்கின. அயோத்திதாசப் பண்டிதர் தம் மக்களைப் பூர்வ தமிழர் என்றார். 1907இல் அவர் தொடங்கிய இதழ் பின்னர் 'தமிழன்' என்றே பெயர் பெற்றது. 1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால், பழைய இழிபெயர்களுக்கு மாற்றாக 'ஆதி திராவிடர்' என்னும் பெயரை அரசு ஆவணங்களில் சென்னை மாகாண அரசு ஏற்றது. இது பெரிய வெற்றி, ஐயமில்லை. ஆயினும் மறுநாட் காலையில் சுண்ணாம்புக் குழியில் இறங்கிய கால்கள் முன்னாள் இறங்கிய அதே கால்கள்தாம். புதிய பெயர் ஆவணத்தில் இருந்தது. பழைய உறவு குழியருகில் இருந்தது.

முதலாளிகளின் நிலையும் எண்ணத்தக்கது. இவர்களுள் பெரும்பாலோர் இசுலாமிய வணிகர். தமிழ் வேரினரான லப்பைகளுள் பலர் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வீட்டில் உருதுவும் தொழிலிடத்தில் தமிழும் பேசி வாழ்கின்றனர். தோலில் ஈட்டிய பொருளைக் கல்விக்கும் ஈந்தனர். வாணியம்பாடி இசுலாமியக் கல்லூரி 1919இல் எழுந்தது. முதலாளியும் தொழிலாளியும் ஒரே பொருளைத் தொட்டே வாழ்ந்தனர். எனினும் தோல் ஒருவரை வணிகர் ஆக்கிற்று, மற்றவரைத் தீண்டத்தகாதவர் ஆக்கிற்று. குற்றம் தோலில் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

(ஊர்களுக்கும் தொழிற்பெயர் ஒட்டுவதுண்டு. சென்னைக்கு அருகே குரோம் தோல் நிறுவனம் ஒன்று அமைந்த இடம் குரோம்பேட்டையாயிற்று. அங்கே வாழ்வோரை அப்பெயரால் எவரும் இழிவாக நினைப்பதில்லை.)

அந்தக் குரோமிய உப்பு பாலாற்றங்கரைக்கும் வந்தது. வாரக்கணக்கில் ஆன வேலை, 'டிரம்' எனப்படும் பெரிய சுழல் மர உருளைகளில் மணிக்கணக்கில் முடிந்தது. 1970களின் தொடக்கத்தில், பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் குறைத்து, முழுதும் பதனிட்ட தோலையும் தோற்பொருள்களையும் ஏற்றுமதி செய்ய நடுவண் அரசு ஊக்கமளித்தது. விளைவு, ஆம்பூரைச் சுற்றிக் காலணித் தொழிற்சாலைகள் பெருகின. அங்கே தையல் எந்திரங்களுக்கு முன் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். தோல் ஷாப்பின் வாசலையும் மிதிக்க மாட்டோம் என்றிருந்த சாதிகளிலிருந்தும் பெண்கள் வந்து, சேரிப் பெண்களோடு ஒரே வரிசையில் அமர்ந்தனர். கையிலிருந்தது அதே தோல்தான். ஆனால் நாற்றம் நீங்கி, நிறம் ஏற்றப்பட்டு, அயல்நாட்டுக்குச் செல்லவிருந்த தோல் அது. 'தோல் ஷாப்புக்குப் போகிறவன்' என்ற சொல்லிலிருந்த இளக்காரம் 'கம்பெனிக்குப் போகிற பெண்' என்ற சொல்லில் இல்லை. காலைப் பேருந்து, அடையாள அட்டை, தன் பெயரில் வரும் சம்பளம், பகிர்ந்துண்ணும் மதியச் சோறு ஆகிய சிறு செயல்கள் நாள்தோறும் திரும்பத் திரும்ப நிகழ்ந்து, மகளாகவும் மருமகளாகவும் மட்டுமே அறியப்பட்டவளுக்கு இன்னொரு முகத்தைத் தந்தன. சாதி அதனால் ஒழிந்தது என்று சொல்ல நாம் துணியோம். மாலையில் பேருந்து அவரவரை அவரவர் தெருவில்தான் இறக்கிவிடுகிறது.

இம்மண்டலத்தில் தொழிலால் பெயரிழந்தவர்களும் உண்டு. கழிவுநீர் பாலாற்றிலும் நிலத்திலும் இறங்க, கிணறுகள் உப்பாயின; தென்னைகள் பட்டன. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதி செய்த தீர்ப்பு அது. ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்குத் தகுதியற்றுப் போயிற்று என்ற ஆய்வையும் அது எடுத்துக்காட்டியது. எக்டேர்க் கணக்கு நிலத்தைச் சொல்லும். நிலத்தோடு போனதைச் சொல்லாது. விடியலில் மடைதிறக்கச் சென்றவன், நாற்று நடக் கூலியாட்களை அழைத்தவன், அறுவடையில் பங்கு அளந்தவன், தன் கிணறு உப்பானபின் யார்? பட்டாவில் அவன் இன்னும் நிலக்காரன். வாழ்வில் அவனோ அவன் மகனோ அந்தக் கிணற்றைக் கெடுத்த தொழிலிலேயே கூலிக்கு நிற்க நேரலாம். இழப்பீட்டுப் பேச்சு ஓயவில்லை; 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் இம்மாவட்டத்து மாசினைக் குறித்து ஆணைகள் பிறப்பிக்க வேண்டியதாயிற்று.

2015 ஜனவரி 31 இரவில் இராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப்பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். நம்மூர்ப் பேச்சில் அவர்கள் 'வடநாட்டு ஆட்கள்'. தத்தம் ஊரில் அவர்களுக்கு வேறு பெயர் இருந்திருக்கும்.

இறுதியாக, ஆம்பூர்ப் பகுதிச் சிற்றூர்களின் வீட்டுத் திண்ணைகளைக் காண்போம். அங்கே பெண்கள் காலணியின் மேற்பகுதித் தோலைக் கையால் தைக்கின்றனர். இடைத்தரகர் தோல் துண்டுகளைக் கொண்டுவந்து கொடுப்பார், தைத்தவற்றை எடுத்துச்செல்வார், கூலி சோடிக்கு இவ்வளவு என்று. ஊசியும் தோலும் முதுகு வலியும் தொழிற்சாலைப் பெண்ணுக்கு உள்ளவையே. ஆனால் அடையாள அட்டை இல்லை, பேருந்து இல்லை, அருகில் அமரும் தோழியும் பெரும்பாலும் இல்லை. அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்தில் இரண்டு சோடி, பிள்ளை பள்ளியிலிருந்து வருமுன் மூன்று சோடி. அவர்களிடம், 'என்னம்மா வேலை செய்கிறீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். கையிலுள்ள ஊசியை நிறுத்தாமலே விடை வரும்: 'வீட்ல சும்மாதாங்க இருக்கேன்.'