மூவாருக்குத் தண்ணீர் பில் வந்த வழி

என் அப்பா மூவாரில் மாநிலத் தண்ணீர் இலாகாவுக்கு மீட்டர் பார்த்தவர். காக்கிச் சட்டை, சைக்கிள், காதில் செருகிய பென்சில். ஜாலான் பக்ரியிலிருந்து பாரிட் ஜாவா வரை எந்த வீட்டுக் குழாய் கசிகிறது, எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பில் கூடினால் சனங்கள் ஆபீசுக்குப் போகமாட்டார்கள். எங்கள் வாசலுக்கு வருவார்கள். “என்னாண்ணே, இந்த மாசம் இப்படி ஏறிக் கெடக்கு?” அப்பா கூடவே நடந்து போய் மீட்டரின் மூடியைத் திறந்து, போன மாத எண்ணையும் இந்த மாத எண்ணையும் கழித்துக் காட்டுவார். அந்த வேலைக்கு அவருக்குச் சம்பளம் இல்லை.

தண்ணீர் சும்மா வருவதில்லை என்பதும் அவர் சொல்லித் தெரிந்ததுதான். மூவார் ஆறு ஊரை ஒட்டி ஓடினாலும் கடல் ஏறும்போது உப்பு உள்ளே வந்துவிடும். மேலே போய் எடுத்து, சுத்திகரித்து, குழாய் போட்டுக் கொண்டுவர வேண்டும். செலவுக்குக் காசு கொடுக்க ஊரில் யாரும் முகம் சுளித்ததில்லை.

அம்மாவின் வழியில் கதை வேறு. அவர் பஞ்சோர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். லயத்துப் பைப்படியில் முறை வைத்துத் தண்ணீர் பிடித்தார்களே ஒழிய, பில் என்ற ஒன்றைப் பார்த்ததில்லை. தொழிலாளர் குடியிருப்புக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் (சட்டம் 446) தோட்ட முதலாளி குழாய்த் தண்ணீரைப் போதுமான அளவுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்றே சொல்கிறது. தோட்டங்கள் கைமாறி, துண்டுபட்டு, எங்கள் சனங்கள் மலிவு வீடுகளுக்குக் குடிவந்து முதல் பில்லைக் கையில் வாங்கிய காலமும், ஜொகூரில் தண்ணீர் கம்பெனிக் கணக்காக மாறிய காலமும் ஒன்றாகவே அமைந்தன. 1994-இல் இலாகா போய் ‘ஷரிக்காட் ஆயர் ஜொகூர்’ வந்தது. 2000 மார்ச்சில் 30 ஆண்டுச் சலுகை ஒப்பந்தத்தோடு அது தனியார் கைக்குப் போனது. எங்கள் தெருவில் ஒருவரும் அந்த ஒப்பந்தத்தைப் பார்த்ததில்லை.

2009-இல் கூட்டரசின் நீர்ச் சொத்து நிறுவனம் குழாய்களையும் ஆலைகளையும் ஏற்றுக்கொண்டது. கம்பெனி உரிமம் பெற்றுச் சேவையை நடத்தும் நிறுவனமாக நீடித்தது. சொத்து பொதுவுக்குத் திரும்பியதே, விலை இறங்கியதா? 2015 ஆகஸ்டில் முதல் 20 கன மீட்டருக்குக் கன மீட்டர் 80 காசு, அதற்குமேல் 35 வரை 2 வெள்ளி, அதையும் தாண்டினால் 3 வெள்ளி என்று ஆக்கினார்கள். 20 கன மீட்டருக்கு 16 வெள்ளி. அதே தண்ணீருக்கு அப்போது பினாங்கில் 4 வெள்ளி 40 காசு. அங்கே சேவை மாநில அரசின் பிடியிலேயே இருந்தது. மழையும் ஆறும் நமக்குக் குறைச்சல் இல்லை. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் கேட்பது குடிமகனின் உரிமை.

கேட்டவர்கள் உண்டு. 2006 நவம்பரில் சிலாங்கூரில் தண்ணீர்க் கட்டணத்தை 15 விழுக்காடு ஏற்றியபோது, சார்ல்ஸ் சந்தியாகோ ஒருங்கிணைத்த தண்ணீர்த் தனியார்மய எதிர்ப்புக் கூட்டணி ஏற்கெனவே களத்தில் இருந்தது. மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசும் இன்னும் சிலரும் அந்த மாநிலத்துத் தண்ணீர் ஒப்பந்தத்தையும் தணிக்கை அறிக்கையையும் காட்டச் சொல்லி வழக்குப் போட்டார்கள். 2010-இல் உயர் நீதிமன்றம் காட்டச் சொன்னது. அடுத்த ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. கடைசியில் கூட்டரசு நீதிமன்றம், வழக்குப் போட அவர்களுக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டும் ஆவணங்களைத் தரச் சொல்லவில்லை. காசு கட்டுபவன் கணக்கைப் பார்க்கக் கூடாது என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. ஆனால் எதிர்ப்பு வீண் போகவில்லை. 2008 ஜூன் முதல் சிலாங்கூர் வீடுகளுக்கு மாதம் 20 கன மீட்டர் இலவசமானது. 2009-இல் வரவிருந்த 37 விழுக்காடு உயர்வையும் மாநில அரசு தடுத்தது.

2024 பிப்ரவரியில் தீபகற்பம் முழுவதும் வீட்டுக் கட்டணம் கன மீட்டருக்குச் சராசரி 22 காசு ஏறியது. அடுத்த உயர்வும் வரும். அப்போது பத்துக் காசா இருபது காசா என்று பேரம் பேசாதீர்கள். பழைய பில்களைச் சேர்த்து வையுங்கள், அவற்றோடு உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் போங்கள், ஒப்பந்தத்தையும் தணிக்கைக் கணக்கையும் முதலில் மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள்.