களிமண்ணின் கணக்கு

தொண்டைமானாற்றில் நீர் வற்றும் காலத்தில் இறங்கி நடந்தவர்களுக்கு அந்தக் கடனீரேரிச் சேற்றின் குணம் தெரியும். கால் வைத்ததும் தாங்குவதுபோல் இருக்கும். பிறகு மெல்ல விலகிக்கொடுக்கும். காலை எடுத்தாலும் குழி அப்படியே கிடக்கும். பழைய நிலைக்குத் திரும்பாத இந்த உருமாற்றத்தைப் பொறியியலாளர் பிளாஸ்திக் விகாரம் என்பார்கள்.

இந்தக் கோட்பாடு வளர்ந்தது சேற்றில் அல்ல, உலோகத்தில். 1864இல் திரெஸ்கா என்ற பிரெஞ்சுக்காரர், ஈயம் முதலான திண்மங்களும் பேரழுத்தத்தில் நீர்போல வழியும் என்று காட்டினார். அழுத்தியவன் செய்த வேலை எங்கே போகிறது? சிறுவயதில் கம்மாலை வாசலில் கம்பித்துண்டை முன்னும் பின்னும் மடித்து, மடிந்த இடத்தைப் புறங்கையில் வைத்துப் பார்ப்பேன், சுடும். கேம்பிறிட்ஜில் ஜி. ஐ. டெய்லரும் குவின்னியும் இதைத்தான் அளந்து 1934இல் வெளியிட்டார்கள். வேலையின் பெரும்பங்கு வெப்பமாகிறது. சிறுபங்கு உலோகத்தின் உள்ளே தங்கிவிடுகிறது. வெப்பவியக்கவியலின் முதல் விதி கேட்பது இந்த வரவுசெலவைத்தான். சிதறிய வெப்பம் முழுவதும் வேலையாகத் திரும்பாது என்கிறது இரண்டாம் விதி.

அதே 1934இல்தான் வடமராட்சியில், தொண்டைமானாற்றுக்குச் சில கட்டை தூரத்திலுள்ள கம்பர்மலைக் குடும்பமொன்றில் அழகையா துரைராசா பிறந்தார். தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. ஹாட்லிக் கல்லூரி, இலங்கைப் பல்கலைக்கழகம், பின்னர் கேம்பிறிட்ஜில் றொஸ்கோவின் மண்பொறியியல் ஆய்வுகூடம்.

அங்கே ஒரு முடிச்சு இருந்தது. எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தினால் இரும்பு அதைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. களிமண் அப்படியல்ல, அழுத்த அழுத்த நீரைக் கக்கிச் சுருங்கும், வலுவும் பெறும். உலோகக் கோட்பாட்டை அப்படியே தூக்கிவந்து இதற்குப் போர்த்த முடியாது.

துரைராசா வெண்களியைச் சோதித்துக் கணக்குப் பார்த்தார். வெளியிலிருந்து செய்த வேலை எவ்வளவு, உராய்வில் கழிந்தது எவ்வளவு? நீர் வெளியேறாமல் அடைத்து வைத்த சோதனையில் கனவளவு மாறுவதில்லை. ஆனால் உள்ளே நீரின் அமுக்கம் ஏறும்போது, துணிக்கைகளிடையே உள்ள அழுத்தம் தளர்ந்து, சேமித்திருந்த மீள்சக்தி விடுபடுகிறது. கொப்பியில் எழுத மறந்த கைமாற்றுப்போல இதையும் வரவில் சேர்த்ததும் கணக்கு நேராயிற்று. உராய்வில் கழியும் வேலை, அந்த அழுத்தத்தையும் கொணர்வு விகாரத்தையும் ஒரு மாறிலியையும் பெருக்கிவருவது. நீரை வெளியேற விட்ட சோதனைக்கும் அதே மாறிலிதான்.

இந்த ஒற்றைச் சமன்பாட்டிலிருந்து, களி எப்போது விட்டுக்கொடுக்கும் என்ற வளைகோடு பிறந்தது. றொஸ்கோ, ஸ்கோபீல்ட், துரைராசா மூவரின் கட்டுரை 1963இல் 'ஜியோடெக்னிக்' ஆய்விதழில் வந்தது. மாதிரியுருவுக்குக் கேம்பிறிட்ஜின் நதியை வைத்துக் 'காம் களி' என்று பெயரிட்டார்கள். அணைக்கட்டும் சுரங்கப்பாதையும் கணிக்கும் கணினி நிரல்கள் பலவற்றில் இன்றும் அதன் வழித்தோன்றல்கள் ஓடுகின்றன. ஸ்கோபீல்ட் தம் பிற்கால எழுத்துகளில் துரைராசாவின் பங்கைத் தனியாக எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

துரைராசா ஊர் திரும்பினார். பேராதனையில் பொறியியற் பீடாதிபதி. 1988 முதல் 1994இல் மறையும்வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். போர்க்காலத்தில் சைக்கிளில் போன துணைவேந்தரை நம்மவர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சைக்கிளை அறிந்த பலருக்கு 1963ஆம் ஆண்டுக் கட்டுரை தெரியாது. எனக்கும் நெடுங்காலம் தெரிந்திருக்கவில்லை.