முத்துச் சிப்பிக் குவியலும் எண்ணெய்க் கிணற்றுக் கணக்கும்



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

உயர்தர வகுப்பில் பங்குடைமைக் கணக்குகள் படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் கேட்டான்: "சேர், எங்கட சாச்சா கட்டார்ல எண்ணெய்க் கம்பனியில கணக்கு வேலை. 'ஜொயின்ட் இன்ட்ரஸ்ட் பில்லிங்' எண்டு சொல்லுறார். அது என்ன?" எங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அரைகுறைப் பதிலைச் சொல்லிவிட்டு வந்து தேடத் தொடங்கினோம். அந்தத் தேடல் அமெரிக்காவின் துல்சா நகரத்தில் இருந்த ஒரு கணக்காளர் சங்கத்தில் கொண்டுபோய் விட்டது. ஆனால் கதையை எமது கடற்கரையில் இருந்து தொடங்கினால்தான் விளங்கும்.

சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் முத்துக்குளிப்பு நடந்த காலத்தைப் பற்றி மூத்தவர்கள் வழியாகக் கேட்டிருப்பீர்கள். பிரித்தானியர் காலத்தில் அங்கே பங்கு பிரித்த முறை இதுதான். படகுகள் கரைக்கு வந்ததும் சிப்பிகளை அரசாங்கத்தின் 'கொட்டு' எனும் அடைப்புக்குள் கொண்டு போவார்கள். குளியாளிகள் தங்கள் சிப்பியை மூன்று சம குவியல்களாகப் பிரிப்பார்கள். அரசாங்க உத்தியோகத்தர் வந்து தமக்கு வேண்டிய இரண்டு குவியலைத் தெரிவு செய்வார். மிஞ்சிய ஒன்று குளியாளிகளுக்கு. மூச்சடக்கி மூழ்கியவனுக்கு மூன்றில் ஒன்று, கரையில் நின்ற அரசாங்கத்துக்கு மூன்றில் இரண்டு என்பது நியாயமா என்பது வேறு விடயம். ஆனால் கணக்கில் ஏமாற்ற இடமில்லை. பிரிப்பவன் ஒருவன், தெரிவு செய்பவன் இன்னொருவன். குவியல் இருவரின் கண்முன்னே கிடக்கிறது.

எண்ணெயை அப்படிக் குவித்துப் பிரிக்க முடியாது. அது நிலத்தின் அடியில் இருக்கிறது, அங்கிருந்து குழாய் வழியாகத் தாங்கிக்குப் போய்விடுகிறது. பங்காளியின் கைக்கு வருவது ஒரு கடதாசி மட்டும்தான். அந்தக் கடதாசியை யார், எந்த விதிப்படி எழுதுவது என்பதுதான் துல்சாவில் தீர்க்க வேண்டியிருந்த பிரச்சினை.

துல்சா ஒக்லஹோமா மாநிலத்தில் இருக்கிறது. 1905இல் அதற்குத் தெற்கே கிளென் பூல் எனும் வயலில் எண்ணெய் பீறிட்டது. சில வருடங்களிலேயே துல்சா 'உலகின் எண்ணெய்த் தலைநகர்' என்று தன்னை அழைத்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தது. அங்கே காணிக்காரருக்கு வழமையாக எட்டில் ஒரு பங்கு றோயல்டி. செலவு எதுவும் அவர் தலையில் இல்லை. மீதி எட்டில் ஏழு, கிணறு தோண்டும் கம்பனிக்கு. செலவு முழுவதும் அந்தக் கம்பனியுடையது. கிணறு வெறுங்குழியாகப் போனால் போட்ட காசு போனதுதான். அதனால் இரண்டு, மூன்று, சில வேளை பத்துக் கம்பனிகள் சேர்ந்து ஒரு கிணற்றில் பங்கு போடுவார்கள். ஒரு கம்பனி மட்டும் வேலையை நடத்தும். அதுதான் ஒபரேட்டர். அது முதலில் செலவழித்துவிட்டு, மாத முடிவில் மற்றப் பங்காளிகளுக்கு அவரவர் வீதப்படி பில் அனுப்பும். மாணவனின் சாச்சா செய்யும் வேலை அதுதான்.

1945இல் ஒக்லஹோமாவில் இன்னொரு சட்டம் வந்தது. ஒரு எண்ணெய் வயலில் உள்ள பல கிணறுகளையும் பல உரிமையாளர்களையும் ஒன்றாக இணைத்து ஒரே அலகாக நடத்தலாம் என்பது அதன் சாரம். வளத்தை வீணாக்காமல் எடுக்க அது நல்ல வழி. கணக்காளருக்கோ பெரிய தலையிடி. ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு ஒப்பந்தம், ஒவ்வொன்றிலும் வேறு வேறு கணக்கு விதி.

இங்கேதான் ஒக்லஹோமா பெற்றோலியக் கணக்காளர் சங்கத்தின் துல்சாக் கிளை வருகிறது. இதில் இருந்தவர்கள் பெரிய முதலாளிமாரோ சட்டத்தரணிகளோ அல்ல. கம்பனிகளின் கணக்குப் பிரிவில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்தவர்கள். எமக்குப் பிடித்த விடயம் என்னவென்றால், இவர்களுடைய கம்பனிகள் ஒரு கிணற்றில் ஒபரேட்டர், அடுத்த கிணற்றில் சாதாரண பங்காளி. இன்று பில் அனுப்புகிறவர் நாளை பில் வாங்குகிறவர். தனக்குச் சாதகமாக ஒரு விதியை எழுதினால் அதே விதி அடுத்த மாதம் தன் கழுத்துக்கு வரும். குளியாளி பிரிக்க உத்தியோகத்தர் தெரிவு செய்த அதே தந்திரம் வேறு வடிவில் இங்கே வேலை செய்தது. 1955இல் அந்தச் சங்கத்தின் பெயரில் ஒரு மாதிரிக் கணக்கு விதி வெளிவந்தது. மறு வருடம், 1956இல், பங்காளிகளுக்கு இடையிலான மாதிரி ஒப்பந்தப் படிவம் ஒன்றும் துல்சாவில் இருந்தே வந்தது. அத்தகைய ஒப்பந்தங்களோடு பின்னிணைப்பாகக் கணக்கு விதியை இணைப்பது வழக்கமாயிற்று.

வேறு எண்ணெய் நகரங்களிலும் இப்படி உள்ளூர்ச் சங்கங்கள் இருந்தன. 1961இல் அவை சேர்ந்து 'கோபாஸ்' எனும் பேரவையை அமைத்தன. (அதே 1961இல்தான் எமது இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனச் சட்டமும் வந்தது. தொடர்பில்லை, வருடம் மட்டும் ஒன்று.) பேரவையின் மாதிரி விதி 1962இல் வந்தது. பிறகு 1974, 1984, 1995, 2005 என்று திருத்தப்பட்டது.

அந்த விதிகளுக்குள் என்ன இருக்கிறது? அடிப்படை ஒரே வரி: ஒபரேட்டர், ஒபரேட்டராக இருக்கும் காரணத்தால் இலாபம் அடையவும் கூடாது, நட்டம் அடையவும் கூடாது. சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம், குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம், கடனை எழுதுவது பற்றியது என்பது உங்களுக்குத் தெரியும். எழுதுகிறவர் நீதியாக எழுத வேண்டும் என்று அங்கே படித்தவர்களுக்கு இந்த விதி அந்நியமாகத் தெரியாது.

உதாரணமாக மேந்தலைச் செலவை எடுப்போம். ஒபரேட்டரின் தலைமை அலுவலக வாடகையில், எழுதுநர் சம்பளத்தில், தொலைபேசிக் கட்டணத்தில் எவ்வளவு இந்தக் கிணற்றுக்கு உரியது? ஆயுள் முழுக்கச் சண்டை பிடிக்கலாம். ஆகவே தோண்டும் கிணற்றுக்கு மாதம் இவ்வளவு, எண்ணெய் தரும் கிணற்றுக்கு மாதம் இவ்வளவு என்று முன்கூட்டியே நிலையான தொகையைப் பேசி முடித்துவிடும் வழியைக் கொடுத்தார்கள். எண்ணெய்த் தொழிலாளரின் சராசரிச் சம்பளம் மாறும் அளவுக்கு ஏற்ப வருடா வருடம் ஏப்ரல் 1ஆம் திகதி அந்தத் தொகை மாறும்.

அடுத்தது குழாய். ஒபரேட்டர் தன் களஞ்சியத்தில் இருந்து பழைய குழாயைக் கொண்டுவந்து போட்டால் என்ன விலை? 1984 விதியில் பொருட்களைத் தரம் பிரித்திருந்தார்கள். புதியது 'ஏ'. பாவித்தது, ஆனால் நல்ல நிலையில் உள்ளது 'பி', அதற்குப் புதிய விலையில் 75 வீதம். புதிய குழாய் 1,000 டொலர் என்றால் பழையது 750. உங்கள் பங்கு 25 வீதம் என்றால் நீங்கள் கொடுக்க வேண்டியது 187.50 டொலர். 250 என்று பில் வந்தால் 62.50 டொலர் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள். ஒரு குழாய்க்கு இது. ஒரு கிணற்றில் எத்தனை நூறு குழாய் இறங்கும் என்று யோசியுங்கள்.

அதைக் கண்டுபிடிக்கும் உரிமைதான் எல்லாவற்றிலும் பெரியது. பங்காளிகள் தங்கள் செலவில் கணக்காய்வாளரை அனுப்பி ஒபரேட்டரின் புத்தகங்களைப் பார்க்கலாம். பில் வந்த வருடம் முடிந்து 24 மாதம் வரை ஆட்சேபிக்கலாம். அதற்குள் எழுத்தில் ஆட்சேபிக்காவிட்டால் அந்தப் பில் சரியானது என்றே எடுத்துக்கொள்ளப்படும். தூங்கிக் கிடப்பவருக்கு அந்த விதியில் இடமில்லை.

இதுவரை நல்ல கதை. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அந்த மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் கம்பனிக்காரர். எட்டில் ஒரு பங்குக்காரக் காணிச் சொந்தக்காரர் அந்த ஒப்பந்தத்தில் கட்சிக்காரர் இல்லை. விதியும் அவருக்காக எழுதப்பட்டதல்ல.

துல்சாவுக்குப் பக்கத்திலேயே ஒசேஜ் பழங்குடி மக்களின் நிலம். 1906ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலத்தடி வளம் முழுவதும் அந்த மக்களின் பொதுச் சொத்து. பதிவேட்டில் இருந்த 2,229 பேருக்கும் சம பங்கு. ஆனால் பணம் நேரே அவர்களிடம் வரவில்லை. அமெரிக்க அரசாங்கம் நம்பிக்கைப் பொறுப்பாளராக இருந்து வாங்கிக் கொடுத்தது. 1920களில் அந்தப் பங்குகளுக்காக அவர்கள் கொல்லப்பட்டதைத் திரைப்படமாகவும் எடுத்துவிட்டார்கள். அதைவிட அமைதியாக நடந்தது கணக்குப் பிழை. 1982இல், கணக்காளரான டேவிட் லினோவெஸ் தலைமையிலான ஆணைக்குழு, அரச நிலங்களிலும் பழங்குடி நிலங்களிலும் றோயல்டி வசூல் பெரும்பாலும் கம்பனிகள் சொல்வதை நம்பியே நடக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டின் பெயரில் புதிய றோயல்டிச் சட்டமும் வந்தது. ஒசேஜ் மக்களோ தங்கள் பணத்தை ஒழுங்காக நிர்வகிக்கவில்லை என்று அரசாங்கத்தின் மீதே வழக்குப் போட்டு, பத்தாண்டுக்கு மேல் அலைந்து, 2011 ஒக்டோபரில் 380 மில்லியன் டொலருக்குத் தீர்வு கண்டார்கள்.

ஒரே நகரத்தைச் சுற்றி இரண்டு வரலாறு. மேசையில் இருந்தவருக்கு 24 மாதத்தில் கணக்குப் பார்க்க வழி. மேசையில் இல்லாதவருக்கு ஒரு நூற்றாண்டு. துல்சாக் கணக்காளரைக் குறை சொல்ல மாட்டோம். அவர்கள் தங்கள் வேலையை நேர்மையாகவே செய்தார்கள். மற்றவருக்காக யாரும் அதைச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

அதே 2011 ஒக்டோபரில்தான் மன்னார்ப் படுகையில் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்ட செய்தி வந்தது. 2008இல் ஒப்பந்தம் செய்த கெய்ர்ன் லங்கா நிறுவனம் டொராடோ, பரகூடா என்ற இரண்டு கிணறுகளில் வாயுவைக் கண்டது. 2015இல் அது விலகிப் போனது. வாயு இன்னும் அடியில்தான் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் பெற்றோலிய வளச் சட்டத்துக்குப் பதிலாக 2021இல் புதிய சட்டமும் வந்துவிட்டது. இத்தகைய ஒப்பந்தங்களில் உலகெங்கும் பொதுவான வழமை, கம்பனி முதலில் தன் செலவைக் கழித்துக்கொள்வது, மீதியை நாட்டோடு பங்கிடுவது. எவ்வளவு மீதி என்பது எவ்வளவு செலவு எழுதப்பட்டது என்பதில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தைத் திறந்து 'பி' தரக் குழாய்க்கு 'ஏ' தர விலை போட்டிருக்கிறதா என்று பார்க்க இந்த நாட்டுக்கு ஆட்கள் தேவைப்படுவார்கள். கடலில் தொழில் செய்யும் எமது மக்களுக்கு அந்தக் கணக்கில் என்ன இடம் என்று கேட்கவும் ஆட்கள் தேவைப்படுவார்கள்.

சென்ற வாரம் மேலே சொன்ன குழாய்க் கணக்கைக் கரும்பலகையில் எழுதினோம். பதினான்கு மாணவர்களில் ஒன்பது பேர் 250 என்று எழுதினார்கள். பில்லில் உள்ளதை அப்படியே நம்பிவிட்டார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கட்டாரிலும் குவைத்திலும் சவூதியிலும் எண்ணெய்க் கம்பனிகளில் கணக்கு, கணக்காய்வு வேலை செய்யும் எமது ஊர்ச் சகோதரர்கள் விடுமுறைக்கு வரும்போது ஒரு நாள் பாடசாலைக்கு வாருங்கள். வர்த்தகப் பிரிவு மாணவர்களோடு ஒரு மணித்தியாலம் பேசினால் போதும். வரும்போது ஒரு பழைய பில்லின் பிரதி, பெயர்களை அழித்துவிட்டு, முடிந்தால் கொண்டு வாருங்கள். அந்த மாணவனின் சாச்சா நோன்புப் பெருநாளுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார், இன்ஷா அல்லாஹ்.