மழைக்காட்டுக்கு பஸ்ஸா, ரயிலா?

நம் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பது வறண்ட காடு. மழைக்காடு பார்க்க வேண்டுமென்றால் மேற்குத் தொடர்ச்சி மலைக்குத்தான் போக வேண்டும்; நமக்கு வசதி பெங்களூர் வழியாக சக்லேஷ்பூர்.

அங்கிருந்து சுப்ரமண்யா வரை காட்டுக்குள் இறங்கும் ரயில் பாதையில் 57 சுரங்கங்கள். ஹாசன்–மங்களூர் மீட்டர்கேஜ் பாதை திறந்தது 1979-ல். அகலப்பாதை வேலைக்காக 1996-ல் நிறுத்திய பயணிகள் ரயில், மறுபடி ஓடியது 2007 டிசம்பரில். அந்தப் பதினொரு வருஷமும் ஷிராடி மலைப்பாதை பஸ்தான் நமக்குக் கதி. 2021 ஜூலையில் கண்ணாடிக் கூரைப் பெட்டியும் வந்துவிட்டது.

ஆனால் ஆடி, ஆவணியில் புறப்படாதீர்கள். 2018 ஆகஸ்டில் மண் சரிந்து ரோடு, ரயில் இரண்டும் அடைபட்டன. மழை ஓய்ந்தபின் பகல் ரயிலில் போய், பஸ்ஸில் திரும்புங்கள். காடு கண்ணில் நிற்பது ரயிலில். அன்றே வீடு சேர்ப்பது பஸ்.