தியத்தலாவையில் இருமுறை சிறையிருந்த துறவி

பதுளைக்குச் செல்லும் புகைவண்டி அப்புத்தளையைத் தாண்டியதும் தேயிலைப் பசுமை சற்று விலகிப் பத்தனைப் புல்வெளிகள் தோன்றும். அவற்றின் நடுவே அமைந்தது தியத்தலாவை. 1900 ஆம் ஆண்டில் தென்னாபிரிக்கப் போரிற் பிடிபட்ட போயர்களை ஆங்கிலேயர் இங்கே கொண்டுவந்து அடைத்தனர். ஏறத்தாழ 5,000 பேர் இருந்த அந்த முகாம் பின்னர் இரு உலகப் போர்களிலும் ஜேர்மானியரை அடைத்துவைக்கப் பயன்பட்டது. இரண்டு முறையும் அதற்குள் அடைபட்டவர்களில் ஒருவர், ஆயுதம் ஏந்தாத பௌத்த பிக்கு.

அவர் ஞானதிலோக தேரர். இயற்பெயர் அன்ரன் குவெத். 1878 இல் ஜேர்மனியின் வீஸ்பாடன் நகரிற் பிறந்தவர். வயலின் வாசிப்பதிலும் இசை இயற்றுவதிலும் தேர்ச்சி பெற்று, பாரிஸ் வரை சென்று பயின்றவர். பின்பு இசையைத் துறந்து கீழைநாடு வந்து பர்மாவிலே துறவு பூண்டார். 1911 இல் காலிக்கு அணித்தான தொடந்துவையில், வாவியின் நடுவிலிருந்த தீவொன்றில் ஆச்சிரமம் அமைத்தார். மேனாட்டுப் பிக்குகள் பலருக்கு அதுவே தாயகமாயிற்று.

1914 இல் போர் மூண்டது. செப்டெம்பர் 22 ஆந் திகதி இரவு ‘எம்டன்’ கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டெரித்தது. தந்திரசாலியை ‘எம்டன்’ என்றழைக்கும் வழக்கமே அதன்பின் தமிழிற் புகுந்துவிட்டது! இத்தகைய அச்சம் நிலவிய காலத்தில் ஜேர்மானியர் என்றாலே பகைவர்தாம்; காவியுடை அதற்கு விலக்காகவில்லை. முதலில் ஆச்சிரமத்திலேயே தங்க அனுமதிக்கப்பட்ட தேரர், பின் தியத்தலாவை முகாமுக்கு அனுப்பப்பட்டார். 1915 இல் அங்கிருந்து அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டு, திரையல் பே சிறையில் வைக்கப்பட்டார்.

ஜேர்மனிக்குத் திரும்பவேண்டும் என்ற நிபந்தனையுடன் 1916 இல் விடுதலை கிடைத்தது. அவரோ ஹவாய் வழியாகச் சீனாவை நாடினார். பர்மா எல்லையை அடைவதே அவர் நோக்கம். சீனாவும் போரில் இறங்கவே, அங்கும் சிறை! 1919 இல் ஜேர்மனிக்கு அனுப்பப்பட்டார். போர் முடிந்த பின்னரும் இலங்கைக் கதவு திறக்கவில்லை. யப்பானுக்குச் சென்று அங்குள்ள பல்கலைக்கழகங்களிற் கற்பித்துக்கொண்டு காத்திருந்தார். 1926 இல் அனுமதி பெற்றுத் திரும்பியபோது தீவு ஆச்சிரமம் காடு மண்டிக் கிடந்தது. மறுபடியும் கட்டினார்.

1939 இல் மீண்டும் போர், மீண்டும் தியத்தலாவை. அறுபது வயதைக் கடந்த தேரருடன் இம்முறை அவருடைய மாணவர் ஞானபொனிக தேரரும் அடைக்கப்பட்டார். அவர் யூதக் குடும்பத்திற் பிறந்தவர். அவருடைய தாயார் ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி இலங்கையில் அடைக்கலம் புகுந்தவர். தாய்க்குப் புகலிடம் அளித்த அரசே மகனை ஹிட்லரின் குடிமகனெனக் கருதிச் சிறைவைத்தது. சட்டம் பிறந்த மண்ணைப் பார்த்ததேயன்றி மனிதரைப் பார்க்கவில்லை. பின்னர் இருவரும் இந்தியாவின் டேராடூன் முகாமுக்கு மாற்றப்பட்டனர். முட்கம்பி வேலிக்குள்ளும் ஞானபொனிகர் பாளி நூல்களை ஜேர்மன் மொழியிற் பெயர்ப்பதை நிறுத்தவில்லை.

1946 இல் அவர்கள் இலங்கைக்குத் திரும்பினர். 1950 இல் ஞானதிலோகர் இந்நாட்டுக் குடியுரிமை பெற்றார். அதற்கு இரண்டாண்டு முன்பே, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம், அந்த முகாமைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களிலே தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. சிறையே இருந்திராத அவர்களுடைய காத்திருப்பு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீண்டது.

1957 மே 28 இல் தேரர் கொழும்பிற் காலமானார். ஒருகாலத்தில் பகைவரெனக் காவலுடன் ஏற்றிச் செல்லப்பட்டவருக்குச் சுதந்திர சதுக்கத்திலே அரச மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது.